சர்க்கரை போடாத தயிர்

அக்காவின் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது நான். ஏழெட்டு வருடம் ஒரு புகார் கிடையாது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணாடிகள் திரும்பி வரத் தொடங்கின. போன மாதம் மட்டும் மூன்று. நான் மெஷின் மேல் பழியைப் போட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் பஸ் டிரைவர். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற ஆள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. நீங்க கிட்ட வந்ததும் மூச்ச அடக்கிக்கிட்டேன். சீக்கிரம் முடியட்டும்னு எல்லாத்துக்கும் ‘தெரியுது, தெரியுது’ன்னுட்டேன். ஒண்ணுமே தெரியல.”

பழி மெஷின் மேல் இல்லை, என் வாய் நாற்றத்தின் மேல். வெட்கத்தில் எனக்கு முகம் செத்துப்போனது.

“டெஸ்டுக்கு வேற ஆளப் பாக்கறேன். நீ ஃப்ரேம் தொடச்சு வை” என்றாள் அக்கா. கண் சோதிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு மாதத் தவணை வாங்கினேன்.

அன்றே போய்ப் பார்த்த பல் டாக்டர், பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். நாக்கையும் வழிக்கச் சொன்னார்.

“தெனம் தயிர் சாப்பிட்டுப் பாருங்க. அதுல இருக்கற நல்ல கிருமி சிலருக்கு வாடையக் குறைக்கலாம்னு சொல்றாங்க. சர்க்கரை மட்டும் கூடாது. தயிர நம்பிப் பல்லு தேய்க்காம விட்டுடாதீங்க!”

சர்க்கரை இல்லாத தயிர் எனக்கு வேப்பங்காய். கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஒரு கிண்ணம் உள்ளே தள்ளினேன். காலையில் நான் நாக்கு வழிக்கிற சத்தத்துக்கு மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

மாதக் கடைசியில் டிரைவரை மறுபடி உட்கார வைத்தேன். கிட்டப் போனேன். மனிதர் நகரவில்லை.

“இருங்க, அவசரப்படுத்தாதீங்க” என்று எழுத்துப் பலகையின் கடைசி வரியோடு ஆற அமரச் சண்டை போட்டார். எனக்கு உயிர் வந்தது.

அவர் போனதும் அக்கா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். போனைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தாலும், ‘என் கண்ணுக்கு என்ன கேடு’ என்பவள் அவள்.

“எனக்கும் பாருடா.”

படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தேன். இரண்டாவது வரியிலேயே தடுமாறினாள்.

“எத்தன நாளாக்கா இப்படி?”

“மூணு வருஷமா.”

“நான் இங்கதானே இருந்தேன்? வந்து உக்காந்திருக்கலாம்ல?”

அக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“தம்பி மூஞ்சிக்கு நேரா எப்படிடா சொல்றது?” என்று அதட்டினாள். “அழுகைய அப்புறம் வச்சுக்க. மொதல்ல பவர ஒழுங்காப் பாரு.”