ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு ஓய்வுகள்

"சும்மா இருக்கும்போது நீ என்ன பண்ணுவே?"

இப்படி என்னைக் கேட்டவர் சமநிலை அலுவலர். சித்தி வேலை பார்க்கும் இசைக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். கலைஞர்களுக்கு வேலை, வீடு, ஓய்வு மூன்றும் சரிசமமாக இருக்கின்றனவா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று சித்தி வீட்டோடு இருக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பதில் தெரிந்தாலும் கேள்வி கேட்டால் எனக்கு வாய் திறக்காது. அன்றைக்கும் திறக்கவில்லை. என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அவர் சித்தி பக்கம் திரும்பினார்.

சித்தி குழுவில் சிம்பல் அடிக்கிறவள். கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். அப்போது அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த பெரிய உருப்படியில் அவளுக்கு மொத்தமே ஓர் அடிதான், அதுவும் நாற்பத்தோராவது நிமிடத்தில். அதுவரை அவளுடைய இசைத் தாளில் வெறும் கட்டங்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. அத்தனையையும் நாலு நாலாக மனசுக்குள் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். ஒன்று தவறினால் அடி தப்பான இடத்தில் விழும், கூடவே எண்பது பேரின் உழைப்பும் விழும். இந்த வெற்றுக் கட்டங்களுக்கு அவர்கள் தொழிலில் பெயர் 'ஓய்வு'.

வினையே அந்தப் பெயரால்தான் வந்தது. படிவத்தில் 'ஒரு கச்சேரியில் உங்களுக்கு ஓய்வு எவ்வளவு?' என்று இருந்தது. சித்தி உள்ளபடி எழுதினாள்: நாற்பத்தோரு நிமிடம். வேலை? ஒரு நொடி.

அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"நாப்பத்தோரு நிமிஷம் ஓய்வாம்மா?"

"ஆமா சார். ஆனா அது எண்ணுற நேரம்."

"எதை எண்ணுறீங்க?"

"ஓய்வைத்தான்."

"ஓய்வை எண்ணுறதும் ஓய்வுதானே? லீவுக்கு எத்தனை நாள் இருக்குன்னு நான்கூடத்தான் எண்ணுறேன்."

"நல்லாக் கேளுங்க சார்!" என்று உள்ளேயிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "வீட்ல துணி மலையாக் கெடக்கு. மகாராணி அங்க போய் ஓய்வெடுக்குது."

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. ஓய்வு மிகுதி, வீடு குறைவு. ஆகவே ஓய்வு நேரத்தில் வீட்டு வேலை செய்து சமன் செய்க. மேடையில் சித்திக்குப் பக்கத்தில் ஓர் இஸ்திரி மேசை வந்தது. படிவத்தில் குடும்பத்துக்கான பத்தி காலியாக இருந்ததால், என்னை முக்காலியில் உட்காரவைத்து 'குடும்பம்' என்ற அட்டையைச் சட்டையில் குத்தினார்கள். சித்தியின் ஓய்வில் பத்து நிமிடத்தை வெட்டி முதல் வயலின்காரருக்குக் கொடுத்தார்கள். மனிதர் பாயோடு வந்துவிட்டார். மெதுவான பகுதி தொடங்கியதும் படுத்தார். குறட்டைகூடச் சுருதி விலகவில்லை.

ஒத்திகையில் சித்திக்கு மூன்று முறை கணக்கு விட்டுப்போனது. ஒரு சட்டைக் காலரைத் திருப்பும்போது ஐந்நூற்றுப் பன்னிரண்டா பதின்மூன்றா என்று குழம்பி, புல்லாங்குழல் தனியாக வாசிக்கும் இடத்தில் அடித்துவிட்டாள். புல்லாங்குழல்காரருக்கு இரண்டு நாள் விக்கல் நிற்கவில்லை.

"கச்சேரியில அடி சரியா விழுந்தா இந்த ஏற்பாடு நிரந்தரம்," என்றார் அலுவலர். "தப்பினா உங்களுக்கு ஓய்வு."

"அதான் ஏற்கெனவே நிறைய இருக்குன்னீங்களே சார்?"

"இது வேற ஓய்வும்மா. வீட்டுக்குப் போற ஓய்வு."

வீட்டுக்கு வந்து சித்தி தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சரியா அடிச்சா காலம் பூரா இஸ்திரி. தப்பா அடிச்சா அடியே கிடையாது. பத்தொம்பது வருஷம்டி. அந்த ஒரு அடி விழும்போது பாரு, நான் இருக்கேன்னு எனக்கே அப்பத்தான் தெரியும்."

கச்சேரியன்று அலுவலர் தன் கோட்டைக் கழற்றி இஸ்திரி மேசையில் போட்டார். "நம்ம திட்டத்தை நாமளே நம்பலைன்னா எப்படி?" என்றவர் என்னிடம் குனிந்தார். "குடும்பம், இஸ்திரிப் பெட்டியில ஒரு கண்ணு வச்சுக்க. சும்மா உக்காந்திருக்காதே." பிறகு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சித்தி இரண்டு தலையணை உறைகளைத் தேய்த்தாள். ஒரு பாவாடையைத் தேய்த்தாள். கோட்டைக் குப்புறப் போட்டு முதுகில் பெட்டியை வைத்தபோது கட்டம் ஆயிரத்து அறுபது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் முதலிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கேயே சித்தியின் கை நின்றுவிட்டது. செருப்புக்குள் கால் கட்டைவிரல் மட்டும் நாலு நாலாக அசைந்தது.

ஆயிரத்துத் தொண்ணூறில் புகை வந்தது. ஆயிரத்து நூற்றுப் பத்தில் வாசனை முன்வரிசைக்குப் போனது. அலுவலர் பாதி எழுந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் சித்திக்கும் தாளுக்கும் நடுவில் புகுந்துதான் எடுக்க வேண்டும். கணக்கு போய்விடும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு. சித்தி தட்டுகளைத் தூக்கினாள். நாற்பத்தெட்டு.

அடி விழுந்தது. என் முக்காலி அதிர்ந்தது. முதல் வயலின்காரர் பாயிலிருந்து துள்ளி எழுந்து சரியான சுரத்தில் போய் விழுந்தார். புகைக்குள் சித்தி தட்டுகளை விரித்துப் பிடித்தபடி நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

கைதட்டல் ஓய்வதற்குள் அலுவலர் மேடையேறி வந்து பெட்டியைத் தூக்கினார். கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை.

"பக்கத்துலயேதானே இருந்தே? என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?"

"சும்மா இருந்தேன்," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எண்ணிக்கிட்டிருந்தேன். சித்தியும் அதைத்தான் பண்ணினாங்க. எண்ணும்போது வேற எதுவும் பண்ண முடியாது."

அவர் ஓட்டையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, 'ஓய்வு' என்பதற்கு நேரே இருந்த நாற்பத்தோரு நிமிடத்தை அடித்துவிட்டு, அதையே 'வேலை'க்கு நேரே எழுதினார். என் சட்டையிலிருந்த அட்டையைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோட்டை உதறி மாட்டினார். ஓட்டை வழியாக வெள்ளைச் சட்டை தெரிய, அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நடுவழியாகவே நடந்து வெளியே போனார்.