அமரோனே மாடியின் ஆறு சன்னல்கள்

பூசணம் பிடித்த திராட்சையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். ஈரச் சாக்கின் வாடை. மூன்றாவது நாளாக நீவெஸ் அந்த வாடையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மரத்தட்டு, இடக்கையில் கொத்து, வலக்கையில் சின்னக் கத்தரி. கெட்ட பழத்தை நறுக்கி வாளியில் போடுவாள். கொத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பாள். இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். எதிரே அவள் தம்பி மனைவி ஜிலியோலா அதே வேலையைப் பாதி நேரத்தில் செய்துகொண்டிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் பறித்த பழம். மாடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, டிசம்பர் வரை காற்றில் வற்றவிட்டு, சுருங்கிச் சுண்டிய பிறகுதான் பிழிவார்கள். வல்பொலிச்செல்லாப் பள்ளத்தாக்கில் அமரோனே ஒயினுக்கு வேறு வழி கிடையாது. காய்ந்த காற்று வீசினால் ஆறு சன்னலையும் திறக்க வேண்டும். ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறினால் சாத்த வேண்டும். பனி விலகினால் உடனே மறுபடி திறக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சின்ன வேலைதான்.

இந்த வருஷம் அந்த வேலை முதன்முறையாக ஜிலியோலாவுடையது. கல்யாணமாகி வந்து பதினொரு வருஷம். கடலோரக் கியோஜ்ஜாவில் மீன்பிடிக்கிறவர் மகள். "மீன்காரி கை பட்டா ஒயின்ல செதில் மிதக்கும்" என்று ஊரே கேலி செய்தது. அவளும் கூடவே சிரித்துக்கொண்டு, வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த அறுவடைக்குத்தான் அவள் கணவன் எலிசேயோ தலையாட்டினான்.

நவம்பர் பத்தாம் தேதி ஜிலியோலா தன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனாள். கிளம்பும்போது, "மூணு நாள் சன்னலைப் பார்த்துக்கோ நீவெஸ்" என்றாள். சரி என்றாள் நீவெஸ். அன்று மாலையே பனி ஏறியது. நீவெஸ் ஆறையும் சாத்தினாள். மறுநாள் சான் மார்த்தீனோ திருநாள். கோயில் வாசலில் செஸ்நட் கொட்டை வறுக்கும் பொறுப்பு அவளுடையது. விடிந்ததும் ஓடினாள். அந்த நாட்களில் எப்போதும் ஒரு குட்டிக் கோடை வந்து போகும். இந்த முறை சட்டையைக் கழற்றுகிற வெயில். முற்றத்திலிருந்து இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தாள். சன்னல்களின் வெளி மரக்கதவுகள் திறந்துதான் இருந்தன. உள்ளே கண்ணாடி சாத்தியிருப்பது கீழிருந்து தெரியாது.

பதின்மூன்றாம் தேதி காலை ஜிலியோலா வந்து மாடியேறினாள். அவள் போட்ட சத்தம் கிணற்றடி வரை கேட்டது.

"ஊருக்குப் போற அவசரத்துல சாத்திட்டுப் போயிட்ட. கீழேருந்து பாக்கற அக்காவுக்கு உள்கண்ணாடி தெரியுமா?" என்றான் எலிசேயோ.

"நானா? திறந்துதானே... பஸ்ஸுக்கு நேரமாச்சு... சாத்தினேனோ என்னவோ, தெரியலையே" என்றாள் ஜிலியோலா. கவனமில்லாதவள் என்று பதினொரு வருஷமாகக் கேட்டவளுக்கு, தன் ஞாபகத்தையே நம்ப முடியவில்லை.

வாசற்படியில் நின்ற நீவெஸ் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஒருவேளை பனி விலகியதும் நான் திறந்தேனோ, பிறகு வேறு யாராவது சாத்தினார்களோ என்று ஒரு யோசனை ஓடியது. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற தனக்கு இப்படி நடந்திருக்காது என்பதுதான் அந்த யோசனைக்கு ஒரே ஆதாரம். இரவு படுக்கையில் ஒவ்வொரு மணியாக நினைத்துப் பார்த்தாள். திறந்த ஞாபகம் எங்கேயும் இல்லை. அதற்குள் எலிசேயோ சில்வானோவின் மதுக்கடையில் சொல்லியாகிவிட்டது. மீன்காரி பழத்தை அழுகவிட்ட கதை பள்ளத்தாக்கு முழுக்க இறங்கிப் போயிருந்தது.

இப்போது எலிசேயோ மேலே ஏறிவந்து வாளிகளை எண்ணினான்.

"பாதிக்கு மேல போச்சு. அடுத்த வருஷம் மாடி அக்காகிட்டயே இருக்கட்டும்."

ஜிலியோலா நிமிரவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் நீவெஸ் இன்னும் ஒருநாள் சும்மா இருந்திருப்பாள்.

"சாத்தினது நான்" என்றாள் நீவெஸ்.

எலிசேயோ சிரித்தான். "அக்கா, அவளைக் காப்பாத்தறேன்னு கதை கட்டாத. நீ அடுப்பை அணைச்சியான்னு பாக்க மூணு தடவை திரும்பிப் போறவ."

"பத்தாம் தேதி சாயங்காலம். அஞ்சாவது சன்னல்ல தாழ்ப்பாள் விழல. திராட்சைக் கொடி கட்ற கயிறால கட்டினேன்."

ஜிலியோலாவின் கத்தரி நின்றது. எழுந்து ஐந்தாவது சன்னலுக்குப் போனாள். அன்று பதற்றத்தில் அவள் அறுத்துவிட்ட கயிற்றின் மிச்சம் கொக்கியில் தொங்கியது. முடிச்சை விரலால் புரட்டிப் பார்த்தாள்.

"இதப் பாரு" என்றாள் கணவனிடம். "நான் எட்டு வயசுல வலை கட்டக் கத்துக்கிட்டவ. எங்க வீட்ல நாய்கூட இப்படி முடிச்சுப் போடாது. உங்க கொடி முடிச்சு இது."

எலிசேயோ பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"மூணு நாள்" என்றாள் ஜிலியோலா. குரல் தணிந்திருந்தது. "பழம் போனது போகட்டும். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு மூணு நாள் என் தலையையே குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். நீ எதிர்லயே உக்காந்து பார்த்துட்டு இருந்த."

"மன்னிச்சுக்க."

"மாடியில சொல்லி என்ன பிரயோசனம்? அவன் எங்க சொன்னானோ அங்க போய்ச் சொல்லு."

காலை பத்தரைக்குச் சில்வானோவின் கடையில் எப்போதும் அதே நாலு பேர், கையில் சின்னக் கிளாஸ். பொதுவாக நீவெஸ் அந்தக் கடைக்குள் வரமாட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த வாக்கியங்களை அவள் தேதி, நேரம் விடாமல் சொன்னாள். கயிற்றையும் விடவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றான் சில்வானோ, அவளுக்கு ஒரு கிளாஸை நகர்த்தியபடி.

"அப்ப இனிமே ஆனையையும் நாம கொஞ்சம் பார்த்துக்கணும்" என்றார் தபால்காரர். நாலு பேரும் சிரித்தார்கள்.

மேட்டில் ஏறும்போது பாரம் இறங்கியதாகத் தெரியவில்லை. இனி அவள் சாத்திய கதவை யாராவது போய் இழுத்துப் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரியாமல், சிரித்துக்கொண்டே. ஜிலியோலா பதினொரு வருஷம் இப்படித்தான் நடமாடியிருக்கிறாள். நீவெஸுக்கு இது முதல் நாள். அதற்குள் நடையே மாறிப்போயிருந்தது.

மாடியில் ஆறு சன்னலும் திறந்திருந்தன. மலைப் பக்கமிருந்து நல்ல காய்ந்த காற்று.

"யார் யார் இருந்தாங்க?" என்றாள் ஜிலியோலா, தலையைத் தூக்காமல்.

"சில்வானோ, தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், அப்பறம் அந்த டிராக்டர் ரிப்பேர்காரன்."

"சில்வானோ பொண்டாட்டி?"

"இமெல்டாவா? இல்ல. சந்தைக்குப் போயிருந்தா."

"அப்ப நீ இன்னும் சொல்லவே இல்ல. அவ காதுல விழுந்தாத்தான் இந்த ஊர்ல ஒரு விஷயம் நடந்ததா அர்த்தம். சாயங்காலம் இருப்பா. மறுபடி போ."

"போறேன்" என்றாள் நீவெஸ்.

கத்தரியைத் தேடினாள். ஜிலியோலா அதை எடுத்துத் தரவில்லை. ஆனால் அது எங்கே கிடக்கிறது என்பதைத் தாடையால் காட்டினாள்.