மாமியாரின் உயரம்

"எவ்வளவு உயரம்னு கேக்குறேன். கையத் தூக்கிக் காட்டாத செமேக்காரி, வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல. வாயால சொல்லு."

"என் தலைக்கு மேல ஒரு சாண்."

"உன் தலைக்கு மேலயா? சும்மா சொல்லாத."

"அம்மா நெத்தி வீங்கி உக்காந்திருக்காங்க, நான் சும்மா சொல்றேனா? நிமிந்தாங்க, புகைக்கூண்டோட விளிம்பு டங்குன்னு பட்டுச்சு."

கள்ளி வேலிக்கு அப்பால் நின்றது என் கணவன் ஒபுயா, நான் பிறந்த செமே ஊரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவான். அவன் குரல் இறங்கி ஒலித்தது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பாத்தது அவங்க கால் ரெண்டும்தானே. சின்னக் காலு. அத வெச்சு உன் உயரம்தான் இருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்."

அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஈரத்துணியை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு," என்றார். "கால வெச்சு ஆள அளக்குறவரு செருப்புக் கடை வெக்கலாம்னு."

"செருப்புக் கடை வெக்கச் சொல்றாங்க," என்று வேலியைப் பார்த்துக் கத்தினேன்.

"கேட்டுச்சு," என்றான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வழக்கத்தில் எந்த மருமகன் மாமியாரை ஏறிட்டுப் பார்த்திருக்கிறான்? அவன் வரும்போதெல்லாம் அம்மா உட்கார்ந்தே இருப்பார். அவன் தலையைக் குனிந்தே இருப்பான். அவர் எழுந்து போகும்வரை நிமிர மாட்டான். இருவரும் நேராகப் பேசிக்கொள்வதும் இல்லை. அவருடைய அடுப்படிக்குள் நுழைவதையோ அதன் கூரையில் கை வைப்பதையோ அவன் நினைத்தும் பார்க்க மாட்டான். ஏரிக்கரையில் இருக்கும் கிசுமுவில் தகர வேலைக்காரர்கள் தெருவில் எங்கள் பட்டறை இருக்கிறது. தகட்டை வெட்டி, மடித்து, ஆணி அறைந்து புகைக்கூண்டு செய்வது அவன். வீடு வீடாகப் போய் அதை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டு, குழாயைக் கூரை வழியே வெளியே ஏற்றுவது நான். சமைப்பவரின் உயரத்தைப் பார்க்காமல் அவன் ஒரு கூண்டும் செய்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர.

இந்த ஒன்றுதான் தவறக் கூடாதது. போன மழைக்காலத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. இனி ஒரு தடவை அடுப்புப் புகையில் நின்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நைரோபியில் இருக்கும் என் அண்ணன் ஒசிர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். அவனுடைய மாடி வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, அம்மா அங்கே போய்விட வேண்டியது. அம்மா ஒரு மாதம் இருந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மருமகள் களி கிண்டினால் குறை சொல்லவும் முடியவில்லை. திரும்பி வந்து என் மடியில் தலை வைத்து, "அங்க நான் யாரு?" என்று கேட்டார். ஊரில் சாவு விழுந்தாலும் கல்யாணம் வந்தாலும் பெரிய பானையின் பக்கத்தில் முதலில் நிறுத்தப்படுகிற பெண் அவர்.

கடைசியில் அண்ணனோடு ஓர் உடன்பாடு செய்தேன். அவன் வந்து பார்க்கும்போது அம்மா இதே அடுப்படியில் இருமாமல் களி கிண்டினால் அவர் இங்கேயே இருக்கலாம். இருமினால் பெட்டி காரில் ஏறும். பெட்டி கட்டிலின் மேல் தயாராக இருந்தது. அண்ணனும் வழியில் இருந்தான்.

"ஒரு சாண் ஏத்திக் கட்டுறேன்," என்று வேலிக்குச் சொன்னேன்.

"ஏத்தினா புகை பிடிக்காது."

"ஏத்தாட்டி மண்டை உடையும்."

"ஏத்து," என்றான் மனமில்லாமல்.

கூண்டைத் தாங்கிய கம்பிகளைத் தளர்த்தி, உத்தரத்தில் ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். கூரைக்கு ஏறிக் குழாயைச் சரிசெய்தேன். நான் மேலே நிற்பதைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொம்பள கூரை ஏறுறத ஊர் பாக்கட்டும். உயோமாவிலேர்ந்து வந்தவ பெத்தது குரங்குன்னு சொல்லட்டும்."

"குரங்குக்குக் குழாய் மாட்டத் தெரியுமாம்மா?"

"இறங்கு மொதல்ல. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

இறங்கி வந்து, முழங்கால் உயர மண் திட்டின் மேல் இருந்த மூன்று கல் அடுப்பில் தீ மூட்டினோம். விறகு கொஞ்சம் ஈரம். முதலில் புகை கூண்டை நோக்கித்தான் எழுந்தது. பாதி வழியில் தயங்கி, விரிந்து, விளிம்புக்கு வெளியே சுருண்டு வந்து எங்கள் முகத்தில் படர்ந்தது. அம்மா துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இருமல் அடங்க நேரமாயிற்று. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"என்ன ஆச்சு?" என்று எங்கள் மகள் பெயரால் என்னைக் கூப்பிட்டு வேலி கத்தியது. "அகோத் அம்மா! என்ன ஆச்சுன்னு கேக்குறேன்!"

"பிடிக்கல!"

"நான்தான் சொன்னேனே. நெருப்புக்கும் கூண்டுக்கும் நடுவுல அவ்வளவு தூரம் விட்டா புகை வழி மாறிப் போயிடும். இறக்கு."

"இறக்கினா அவங்க எங்க நிப்பாங்க?"

அவன் சுத்தியலால் வேலிக் கம்பத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது. யோசிக்கும்போது அவன் எதையாவது தட்டுவான்.

அம்மாவுக்கு மூச்சு திரும்பியிருந்தது. மூச்சோடு கோபமும் திரும்பியிருந்தது.

"கழட்டு. கோழிக்கு நல்ல வீடு. நான் பொறந்ததுலேர்ந்து குனிஞ்சுகிட்டே கிண்டியிருக்கேன், இனிமே தகரத்துக்கு வேற குனியணுமா? உயரமாப் பொறந்தது என் தப்பா? கூண்ட ஏத்து, இறக்குன்னு ரெண்டு பேரும் கத்துறீங்களே, அடுப்ப ஏத்தேன், அதான் பாக்கி!"

தட்டும் சத்தம் நின்றது.

"அவங்க இப்ப என்ன சொன்னாங்க?"

"கோழி வீடுன்னாங்க."

"அது இல்ல. கடைசியா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். வைததுதான், யோசனை சொல்லவில்லை. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை அவரே இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுப்ப ஏத்தச் சொன்னாங்க," என்றேன்.

"ஏத்து!" வேலிக்கு அப்பால் ஒபுயா குதித்திருக்க வேண்டும், அவனுடைய தொப்பி ஒரு கணம் கள்ளிக்கு மேல் தெரிந்து மறைந்தது. "கூண்டு இருக்குற இடத்துலயே இருக்கட்டும். நெருப்ப ஒரு சாண் மேல கொண்டு வா. ரெண்டுக்கும் நடுவுல பழைய தூரமே வந்துடும். அவங்களும் நிமிந்து நிக்கலாம். அவங்ககிட்ட சொல்லு, இது எனக்குத் தோணியிருக்கணும்னு. தோணல."

"அவருக்குத் தோணலையாம்," என்றேன்.

"எனக்குத் தோணிச்சுன்னு சொல்லு," என்றார் அம்மா. எழுந்துவிட்டார்.

ஆனால் கல்லைத் தொட நான் தயங்கினேன். இந்த வீட்டுக்கு அம்மா மருமகளாக வந்த நாளில் வைத்த கற்கள் அவை. அதன் பிறகு யாரும் அசைத்ததில்லை. அம்மா என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். சாம்பலைக் கையால் விலக்கி, ஒவ்வொரு கல்லாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். மூன்றாவது கல்லை நெஞ்சோடு அணைத்தபடி கொஞ்சம் நின்றார்.

"செங்கல் எங்க இருக்கு தெரியும்ல? ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி. நிக்காத, உன் அண்ணன் வேகமா ஓட்டுறவன்."

செங்கல்லை நான் சுமந்தேன். கரையான் புற்று மண்ணை அம்மா பிசைந்தார். காலால் மிதித்தும் பிசைந்தார். அடுக்கு உயர உயர அம்மா பக்கத்தில் நின்று தன் இடுப்போடு அளந்து பார்த்தார். வேலியிலிருந்து உத்தரவுகள் பறந்து வந்துகொண்டே இருந்தன.

"குழாய்க்கும் மர உத்தரத்துக்கும் நடுவுல கை போகுதா? ரெண்டு கையும் போகணும். மரம் சூடாகக் கூடாது."

"போகுது!"

"கூண்டு மேல விறகு காய வெக்கப் போறாங்க, பாத்துக்கோ. எல்லாரும் அதத்தான் செய்றாங்க. ஒரு நாள் அது பத்திக்கும்."

அம்மா அப்போதுதான் நனைந்த விறகுக் கட்டைக் கூண்டின் தோளில் ஏற்றப் போனார். அப்படியே நின்றார்.

"இந்த மனுஷனுக்கு வேலிக்கு அப்பாலேர்ந்து கண்ணு தெரியுமா?"

"எல்லாரும் செய்றதுதானாம்மா."

"அப்ப மீன? மீனையாவது உள்ள தொங்கவிடலாமா? புகையெல்லாம் வெளிய போனா என் மீனுக்கு யாரு புகை போடுறது?"

கேள்வியை அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"மீன் எண்ணெய் சொட்டும், கரியில பட்டுக் கூண்டுக்குள்ள தீப்பிடிக்கும். மீனுக்குத் தனியா வெளிய ஒரு தகர டிரம் செஞ்சு தரேன்னு சொல்லு. உள்ள கரி சேரச் சேர நீ வந்து சுரண்டணும். அத மறந்துடாத."

அம்மா உத்தரத்தில் தொங்கிய மீன் சரத்தை அண்ணாந்து பார்த்தார். மீனைக் கழற்றி வெளியே கொண்டுபோனார்.

மூன்று கற்களும் மேடையின் மேல் ஏறின. தீ மூட்டினோம். மண் ஈரமாக இருந்ததால் மேடை ஆவி விட்டது. புகை எழுந்தது, கூண்டுக்குள் பாதி போனது. மீதி தடுமாறியது. எனக்கு அழுகை வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஏன்?

சுற்றிலும் பார்த்தேன். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்று வருகிற சந்தில் அம்மா சாக்குகளைத் திணித்து வைத்திருந்தார், எலிக்காக. கதவையும் சாத்தியிருந்தோம், புகை வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்குமே என்று. புகை மேலே போக வேண்டுமென்றால் கீழே காற்று உள்ளே வர வேண்டும். மற்றவர் வீடுகளில் முதல் வார்த்தையாக இதைச் சொல்கிறவள் நான். கதவைத் திறந்தேன். சாக்குகளைப் பிடுங்கி எறிந்தேன்.

காற்று என் கணுக்காலைத் தொட்டு உள்ளே போனது. ஏரிப் பக்கமிருந்து வருகிற காற்று. புகை ஒரு தடவை முழுசாக உடம்பை முறுக்கிக்கொண்டு, யாரோ மேலிருந்து கயிற்றால் இழுப்பதுபோல் கூண்டுக்குள் ஏறியது. அடுத்த விறகும் அப்படியே. குழாய்க்குள் மெல்லிய உறுமல் கேட்டது.

"தெரியுது!" வேலி கத்தியது. "கூரைக்கு மேல தெரியுது! நேரா போகுது பாரு, கம்பு மாதிரி!"

அண்ணனின் கார் வந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி அடுப்படி வாசலுக்கு வந்தான். பழைய பழக்கம். அங்கேயே நின்றுவிட்டான்.

அம்மா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் பிறந்ததிலிருந்து அந்த அடுப்பின் முன் அவர் முதுகு வளையாமல் இருந்ததை நாங்கள் இருவரும் பார்த்ததில்லை. மாவைக் கொட்டினார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினார். களி கெட்டியாக ஆக, தோள் முழுவதும் அதில் இறங்கியது. வியர்த்தது, ஆனால் இருமவில்லை. என் அம்மா இவ்வளவு பெரிய பெண்ணா என்று தோன்றியது. கூரை அவருக்காகவே உயரமாகப் போட்டதுபோல் இருந்தது.

"வாசல்ல நின்னு காத்த மறைக்காத," என்றார் அண்ணனைப் பார்த்து. "புகை திரும்பி வந்துடும். உள்ள வா, இல்ல வெளிய போ."

அண்ணன் உள்ளே வந்தான். கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான், பிறகு இன்னொரு முறை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, களியும் ஒமேனா என்னும் பொடி மீனும் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான். கட்டிலின் மேலிருந்த பெட்டியைத் திறந்து, அம்மாவின் துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. பெருமையில் எனக்குக் காது சுட்டது.

ஒபுயாவுக்குத் தட்டை வேலிக்குக் கொண்டுபோனேன். அவன் சாப்பிடவில்லை. அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விளிம்பு எப்படி இருக்கு? சூட்டுல வளையலையே?"

"வளையல."

"இடது பக்க ஓரத்துல ஒரு ஆணி எனக்குத் திருப்தி இல்லாம இருந்துச்சு. பாத்தியா?"

"கெட்டியா இருக்கு அகோத் அப்பா. சாப்பிடு."

"நீ கெட்டின்னு சொன்னா கெட்டிதான்." சோற்றை உருட்டுவதுபோல் களியை உருட்டினான், வாயில் போடவில்லை. "எத்தனையோ கூண்டு செஞ்சாச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழ மொத தீ எரியும்போது உன்கூட வந்து நின்னு பாத்திருக்கேன். இது என் கையில வந்ததுலயே நல்லது. இதோட புகைய மட்டும்தான் எனக்குப் பாக்கக் குடுத்துவெச்சிருக்கு."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பின்னால் காலடி கேட்டது. திரும்பினேன். அம்மா வந்துகொண்டிருந்தார். கை கழுவியிருந்தார். ஆலயத்துக்குப் போகும்போது கட்டுகிற தலைத்துணியைக் கட்டியிருந்தார். நெற்றி வீக்கம் அதற்கு அடியில் தெரிந்தது. ஒபுயா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்தான்.

அம்மா வேலி வாயிலில் வந்து நின்றார். உட்காரவில்லை. முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் செய்தியைக் கொண்டுபோகத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு, என்னிடம் இல்லாமல், நேராக அவனிடமே பேசினார்.

"மாப்பிள்ளை, நான் தானியக் குதிருக்குப் பின்னாடி போய் நின்னுக்குறேன். ஊர் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லிக்குவேன். நெருப்பு இன்னும் எரியுது. ஒரே ஒரு தடவை உள்ள வந்து, உங்க வேலைய உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க."