வாசலுக்கு வந்த விருந்து

மணிலா விமான நிலையத்தில் எல்லோருடைய பெட்டியும் வந்துவிட்டது, என்னுடையதைத் தவிர. பச்சைக் கயிறு கட்டிய பெட்டி. அதற்குள்தான் என் தங்கை மகளுக்கு வாங்கிய தங்கத் தோடு, வெள்ளிக் கொலுசு, பட்டுப் பாவாடை, என் மனைவி விஜயலெட்சுமி சுட்ட அதிரசம் எல்லாம் இருந்தன. தங்கத்தைக் கைப்பையில் வைத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று இலங்கையில் எங்கள் அப்புத்தளை ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு மேதாவி சொன்னான். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, அவன். அவன் பேச்சைக் கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

பெட்டி கோலாலம்பூரிலேயே நின்றுவிட்டது, நாளை மறுநாள் வரும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். விழாவோ இன்றைக்கு!

வெளியே வந்தால் என் ஒருவனை ஏற்றிப்போக ஒரு வேன் நிறைய ஆட்கள். "மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தான் தங்கை புருஷன் ஜோயல். என் தங்கை யசோதினி அழுதுகொண்டே சிரித்தாள். வரிசையாகப் பிள்ளைகள் வந்து என் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அங்கே அப்படித்தான் மரியாதையாம். அப்புத்தளையில் ஆட்டோ ஓட்டுகிற கஜேந்திரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பெட்டி எங்கே என்று கேட்டார்கள். பிறகு வரும் என்றேன். சரியென்று சிரித்துவிட்டு வேனில் பாட்டைப் போட்டார்கள்.

எனக்குத்தான் பாட்டு காதில் ஏறவில்லை. தங்கை மகள் லியாவுக்கு அன்று முதல் பிறந்தநாள். அந்த ஊரில் பிறந்த கையோடு பெண்பிள்ளைக்குக் காது குத்திவிடுவார்களாம். யசோ விடவில்லை. தாய்மாமன் சீரோடு வருவான், அவன் மடியில்தான் குத்த வேண்டும் என்று ஒரு வருடமாக மாமியார் வீட்டைத் தடுத்து வைத்திருந்தாள். தனக்கும் நாதி உண்டு என்று அவள் காட்ட இருந்தது என்னை மட்டும்தான். நான் கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறேன். வழியில் ஏதாவது ஒரு கடையில் இறங்கி வாங்கி நீட்ட அது பிறந்தநாள் பரிசா? மாமன் சீர்.

யசோவும் ஜோயலும் கட்டாரில் ஹோட்டல் வேலையில் பழகி, அம்மாவைக் கேட்காமலே கல்யாணம் முடித்தவர்கள். முடித்த கையோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "வாசப்படிய மிதிக்காத" என்றாள். தூறலில் ரெண்டு பேரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனார்கள். அன்றிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. நான் புறப்படும்போதும், "மாமன் கடமைக்கு நீ போ. கையை வீசிக்கிட்டுப் போயி நம்ம மானத்த வாங்கிராத" என்று மட்டும்தான் சொன்னாள்.

லிபா நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஜோயலின் வீடு. கேட்டெல்லாம் பலூன். முற்றத்தில் முழுப் பன்றி ஒன்று தணலில் சுழன்று, சிவந்து, மினுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்து முனியாண்டி பூசையில் கூட அப்படி ஒன்றைக் கண்டதில்லை. வாசனையில் வாய் ஊறிவிட்டது. ஆனால் கால் கேட்டோடு நின்றுவிட்டது.

"வாங்கண்ணே, ஏன் நிக்கிறீங்க?" என்றாள் யசோ.

"பெட்டி கோலாலம்பூர்லயே நின்னுபோச்சு யசோ. சீரெல்லாம் அதுக்குள்ள. வெறுங்கையோட எப்படி உள்ள வர்றது?"

"ஐயோ அண்ணே, இங்க யாரு அதெல்லாம் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல."

எனக்கு ரோஷம் வந்தால் யானை கட்டி இழுத்தாலும் அசையமாட்டேன். யசோவின் முகம் சுண்டிப்போனது. ஜோயலின் அப்பா பென் என்ன விஷயம் என்று கேட்டார். அவள் திக்கித் திணறிச் சொன்னாள். போச்சு, பெரிய மனிதர் கோபிக்கப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டைப் பார்த்து ஏதோ உரக்கக் கத்தினார். அவ்வளவுதான்! உள்ளே இருந்து ஒரு மேசை தெருவுக்கு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. நூடுல்ஸ் சட்டி, கேக், பழத்தட்டு, கரோக்கே பெட்டி, அதன் வயர். கடைசியில் நாலு பேர் தோளில் மூங்கிலோடு பன்றியே கேட்டைத் தாண்டி வந்தது.

"மாமன் உள்ள வரலைன்னா பரவால்ல, வீடு மாமன்கிட்ட வரட்டும்னு சொல்றாருண்ணே" என்றாள் யசோ. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காயின்! காயின்!" என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்தார்கள். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தமாம். பென்னின் மனைவி மொறுமொறுத்த தோலாகப் பார்த்து என் தட்டில் போட்டாள். தட்டில் மிச்சம் வைத்தால் நம் ஊரில் குற்றம், நான் வழித்துச் சாப்பிட்டேன். வெறும் தட்டைக் கண்டால் அவர்கள் ஊரில் குற்றம் போலிருக்கிறது, மறுபடி குவித்தார்கள். அந்தத் தெருவில் யார் சொந்தம், யார் வழிப்போக்கர் என்றே தெரியவில்லை, எல்லோர் கையிலும் தட்டு. ஒரு கிழவர் எனக்காகப் பாட்டுப் பாடினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வீட்டிலிருந்து வீடியோவில் அழைப்பு வந்தது. விஜயலெட்சுமி போனைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அம்மா.

"என்னடா, ரோட்டுல நின்னு திங்கிற? வீட்டுக்குள்ள விடலையா அவுக?" அம்மாவின் குரல் எகிறியது.

"நான்தாம்மா போகல. சீர்ப் பெட்டி வந்து சேரல. நான் வாசல்ல நின்னுட்டேன்னு விருந்தையே வெளிய தூக்கிட்டு வந்துட்டாங்க." போனைத் திருப்பி மேசை, பன்றி, பாட்டு, ஆட்கள் எல்லாவற்றையும் காட்டினேன். பென்னின் மனைவி போனைப் பார்த்துக் கையசைத்து, அம்மாவுக்கும் ஒரு தட்டை நீட்டிக் காட்டினாள்.

அம்மா போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். அந்தத் தட்டையே உற்றுப் பார்த்தாள்.

"நம்ம வாசல்ல நின்ன புள்ளைக்கு நான் ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கலயே" என்றாள் கடைசியில். "யசோகிட்ட குடு போனை."

யசோ போனை இரண்டு கையாலும் வாங்கினாள். "அம்மா" என்றவள் அழுதுவிட்டாள்.

"அழாதடி. சீரு வரும்போது வரட்டும், மாமன் வந்துட்டான்ல, அது போதும். பக்கத்துல யாரு, மாப்ளயா? மாப்ளே, அந்தக் கிறுக்கன உள்ள இழுத்துட்டுப் போங்க."

ஜோயலுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் நாலோ ஐந்தோதான். மாப்ளே அதில் ஒன்று. யசோ கற்றுக்கொடுத்தது, அதுவரை அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் செருப்பு தெருவிலேயே கழன்று போனது. நான் உள்ளே போனேன். எங்களுக்குப் பின்னால் மேசையும் பன்றியும் கரோக்கேயும் ஆரவாரத்தோடு உள்ளே போயின.

பென்னின் மனைவி தன் பேத்திக்கென்று எடுத்து வைத்திருந்த சின்னத் தோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். நானே என் கையால் கொடுக்க வேண்டுமாம். லியாவை மடியில் வாங்கிக்கொண்டேன். நான் நீட்டிய தோட்டைப் பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு நொடியில் குத்திவிட்டாள். பிள்ளை போட்ட அலறல் அப்புத்தளை வரைக்கும் கேட்டது. போனை யாரும் வைக்கவில்லையே!

"மெதுவா குத்தக்கூடாதாடா பாவிகளா" என்று அம்மா அங்கிருந்து கத்தினாள். "எம் பேத்திய அழ வச்சிட்டீங்களே!"