பதினேழாம் விரல்

"உலகத்துலயே இதுதான் முதல் தடவை" என்று மேலாளர் திரையில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினார். அவர் வாயில் எல்லாமே உலகத்திலேயே முதல் தடவைதான், போன மாதம் மாற்றிய கழிவறைக் குழாய் உட்பட.

நான்கு கிலோமீட்டர் ஆழ எண்ணெய்க் கிணறு அது. மறுபடி ஆழப்படுத்தியபோது துளையிடும் தண்டு மாதக்கணக்கில் உரசியதில், கிணற்றின் சுவரைத் தாங்கும் உறைக்குழாய் எவ்வளவு தேய்ந்தது என்று அளந்திருந்தார்கள். அளக்கும் கருவிக்கு நாற்பது இரும்பு விரல்கள். அடியில் விரித்து மேலே இழுத்தால் உட்சுவரைத் தடவிக்கொண்டே வரும். இம்முறை அடியிலிருந்து வாய் வரை ஒரு பள்ளம், கொடி சுற்றியதுபோல. மேலாளர் அதற்குச் 'சுருள்வழித் தேய்மானம்' என்று பெயரே சூட்டிவிட்டார். மாலைக்குள் கையெழுத்து, நாளை கிணற்றை சிமெண்ட் போட்டு மூடிவிடுவார்கள்.

கடைசி நாற்காலியில் இருந்த அளவைக்காரர் கேட்டார்: "எந்த விரல் சார்?"

"பதினேழு. ஏன்?"

அளவைக்காரருக்குப் புரிந்துவிட்டது. தண்டு உரசினால் வளைவில் ஒரே பக்கம்தான் தேயும். பள்ளம் சுற்றுகிறதென்றால், மேலே வரும்போது சுற்றுவது கருவி, பொய் சொல்வது அதன் ஒரு விரல்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே கிணற்றடியில், அவரும் மச்சானும், அதாவது மனைவியின் அண்ணனும், கருவியை லாரியிலிருந்து இறக்கினார்கள். டிபன் டப்பாவைக் காலி செய்தது யார் என்ற வழக்கு. மச்சான் சிரித்த சிரிப்பில் கருவி நழுவியது. பதினேழாம் விரல் வளைந்தது. எவ்வளவு தட்டி நிமிர்த்தியும் இரண்டு மில்லிமீட்டர் கூட்டியே சொன்னது, மச்சானின் பேச்சைப் போலவே. மச்சான் கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஆணியால் ஏதோ கீறினார். 'கருவி பழுதற்றது' என்று அளவைக்காரர் கையெழுத்துப் போட்டார். அதன்பின் அளந்தவர்கள் எல்லாம் மூடியைப் படித்துக் கழித்துக்கொண்டார்கள். மச்சான் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. போன வாரம் உயரதிகாரிகள் வருகிறார்கள் என்று பெட்டிக்கு உள்ளும் புறமும் பச்சை பெயிண்ட் அடித்தார்கள்; இம்முறை அளந்தவர்களுக்குப் படிக்க எதுவும் மிஞ்சவில்லை.

வாயை மூடிக்கொண்டால் பழைய கையெழுத்து பிழைக்கும், அவர்கள் முதன்முதலில் சேர்ந்து அளந்த கிணறு சாகும்.

"சார், அது தேய்மானம் இல்ல. நாங்க கருவியக் கீழ போட்டது."

"எங்கிட்டே இருபது பக்க அறிக்கை இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"பெட்டி இருக்கு."

கிடங்கில் எல்லாரும் சூழ்ந்து நிற்க, அவர் வீட்டுச் சாவியால் மூடியைச் சுரண்டினார். பச்சை உதிர்ந்து கோணல் எழுத்துகள் எட்டிப் பார்த்தன. மேலாளர் மேடைக் குரலிலேயே படித்தார்:

"'பதினேழு பொய்யன். ரெண்டு கழி. மாப்ளே, வாயத் தொறந்த...' மீதி?"

"மீதி குடும்ப விஷயம் சார்."

இரண்டைக் கழித்ததும் திரையில் சிவப்புக் கோடு காணாமல் போனது. மூடும் உத்தரவு கிழிந்தது, விளக்கம் கேட்டு அளவைக்காரருக்கு ஒரு கடிதம் தயாரானது. மேலாளர் இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

எல்லாரும் போனபின் அளவைக்காரர் மறுபடி சாவியை எடுத்தார். மீதி வரி அவருக்கு மனப்பாடம். ஆனாலும் மச்சான் கையெழுத்தில் திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று.