கோதுமை மகாராணி

எனக்குக் கோதுமை ஆகாது. கோதுமை மட்டும் இல்லை, அதன் பங்காளிகள் யாருமே ஆகாது. ரொட்டி, பிஸ்கட், குழம்பைக் கெட்டியாக்கப் போடும் ஒரு கரண்டி மாவு, எது உள்ளே போனாலும் குடல் கோபித்துக்கொள்ளும். மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன நோய் இது. ஆனால் வெளியூரில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்லும்போது வீம்பு மாதிரியேதான் கேட்கும்.

அதனால் நான் சொல்வதில்லை. என் கணவர் சொல்வார். அவர் லிஃப்ட் பரிசோதகர். கம்பிவடம் தாங்குமா என்று பார்க்கிற அதே முகத்தோடு சமையலறைக்குள் நுழைந்துவிடுவார். "இந்த எண்ணெயில வேற என்ன பொரிச்சீங்க? ரொட்டி வெட்டின பலகையிலயா காய் வெட்டறீங்க? சோயா சாஸ் பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க." மோட்டார் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர், மெதுவாகப் பேச வராது. சமையல்காரரிடம் கேட்கிற கேள்வி கூடம் முழுக்கக் கேட்கும். நான் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். முரட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கணக்கு நடத்துகிறவள் நான். பரிமாறுகிறவர் ஒருவர் திரும்பிப் பார்த்தால் போதும், காது சூடாகிவிடும்.

சுற்றுலாப் பேருந்தில் கிளம்பியதுதான் தப்பு. தனியாகப் போனால் நாங்கள் இருவர் மட்டும் காத்திருப்போம். இங்கே ஒரு பேருந்துக் கூட்டமே பசியோடு காத்திருந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது இவர் உள்ளே போய் ஒரு வாணலியைத் திரும்பக் கழுவ வைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டு அக்கா பக்கத்து மேஜையில் இருந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதல் நாளே முன்சீட்டைப் பிடித்தவள், பிறகு யாருக்கும் விடவில்லை.

"கோதுமை மகாராணிக்கு ஆனப்புறம்தான் நமக்கெல்லாம் சோறு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்தான்.

அறைக்கு வந்ததும் இவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"நாளைக்கு மத்தியானம் நீங்க வாயே திறக்கக் கூடாது. ஒரு வேளையாவது நாலு பேரு மாதிரி சாப்பிட்டுட்டு எழுந்திருக்கறேன்."

"சமையல்கட்டைப் பார்க்காமலா?"

"பார்க்காமத்தான். எனக்குக் கண்ணில்லையா?"

இவர் முகம் வாடிவிட்டது. "சரிம்மா" என்று படுத்துக்கொண்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் உணவகத்தில் வரிசையாகப் பாத்திரங்கள் வைத்திருந்தார்கள். நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். வெறும் சோறு, வேகவைத்த காய், எதுவும் தடவாமல் சுட்ட மீன், வாழைப்பழம். இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, என் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் தானும் சாப்பிட்டார். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், ஜில்லென்று மேஜைக்கு மேஜை வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றையும் டம்ளர் டம்ளராகக் குடித்தேன். வெயில் வேறு.

பேருந்து கிளம்பியதும் வழிகாட்டி மைக்கைப் பிடித்தான். "நேரா படகுத்துறைக்குப் போறோம். தீவுக்கு இன்னைக்கு ஒரே படகுதான் பாக்கி. அதை விட்டா தீவு கிடையாது. அப்புறம், நம்ம எலுமிச்சை பார்லி எப்படி இருந்துச்சு?"

எல்லோரும் கைதட்டினார்கள். பார்லி என்பது கோதுமையின் கூடப்பிறந்த தம்பி. இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எத்தனை டம்ளர்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். இவருக்கு இப்படிப் பேசவும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பதில் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் வயிறு பதில் சொன்னது. முதலில் முறுக்கல், பிறகு குளிர்ந்த வியர்வை. பேருந்தில் கழிப்பறை கிடையாது. எனக்கு முன்னால் இருந்த சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தச் சொல்றேன்" என்றார்.

"வேணாம். படகு போயிடும். எல்லாரும் என்னைத்தான்..." அதற்கு மேல் பேச முடியவில்லை. செத்தாலும் பரவாயில்லை, இந்தக் கூட்டத்துக்கு நடுவில் என்னால் எழுந்து நிற்க முடியாது என்றுதான் அப்போது தோன்றியது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சடாரென்று எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் அறைக் குரலில் கத்தினார். "டிரைவர் சார், வண்டிய நிறுத்துங்க! எனக்கு வயித்தைக் கலக்குது! தாங்காது!"

பேருந்து ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கியது. இவர் குனிந்தபடி இறங்கி ஓடினார். பாதியில் திரும்பி, "மாத்திரைப் பையைத் தூக்கிட்டு ஓடிவாம்மா!" என்றார். பையோடு பின்னால் ஓடினேன். பங்கின் பின்புறத்தில் ஒரே ஒரு கழிப்பறை. நான் உள்ளே. இவர் வெளியே கதவில் சாய்ந்துகொண்டு, பேருந்துக்குக் கேட்கும்படி எனக்கும் சேர்த்து "ஐயோ... அம்மா..." என்று முனகிக்கொண்டிருந்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

சீக்கிரத்தில் முடிகிற காரியமாக இல்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

படகுத்துறையில் நாங்கள் இறங்கியபோது படகு பாதிக் கடலில் இருந்தது. கூட்டம் இவரைச் சூழ்ந்துகொண்டது. "ஊர்ல இருக்கற சமையல்கட்டை எல்லாம் சோதிச்சீங்களே சார், உங்க வாயைக் கட்டத் தெரியலையா?" என்றான் வழிகாட்டி. நான் வாயைத் திறக்கவில்லை.

முன்சீட்டு அக்கா கத்தவில்லை. "இந்தத் தீவைப் பார்க்கத்தான் முட்டிவலியோட கிளம்பி வந்தேன் தம்பி. நாளைக்கு ஊருக்குத் திரும்பணும். இனி எந்த வயசுல வரப்போறேன்?" என்றாள். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

இவர் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்கக்கா. என் தப்புதான்." எவ்வளவு பெரிய முதலாளியானாலும் முகத்துக்கு நேரே லிஃப்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டு வருகிற மனுஷன். அவர் கைகூப்பி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"அவர் மேல தப்பில்ல. பார்லியக் குடிச்சது நான். வயிறு கெட்டது எனக்கு. நான் வெக்கப்பட்டேன்னு அவர் நடிச்சாரு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. கிட்டே வந்து என் கன்னத்தில் கை வைத்தாள்.

"பார்த்தீங்களா? புருஷனை விட்டுக்கொடுக்காம, பழியத் தன் தலையில போட்டுக்குது இந்தப் பொண்ணு. இதைப் போயா மகாராணின்னு கேலி பண்ணேன்?" இவர் பக்கம் திரும்பினாள். "நீங்க குடுத்து வச்சவரு தம்பி."

"ஆமாக்கா" என்றார் இவர், தலையைக் குனிந்தபடியே.

சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் இளகிவிட்டது. வழிகாட்டி எனக்கு நிழலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"இல்லக்கா, நிஜமாவே..." என்று ஆரம்பித்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நிறுத்திவிட்டேன். அவர் அழுத்தியதற்காக நிறுத்தவில்லை. அக்காவின் கை இன்னும் என் கன்னத்தில் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.