ஆறு நிமிடக் கோதுமை

விற்கத் தெரியாது என்று ரோண்டா எந்தச் சரக்கையும் ஒதுக்கியதில்லை. 1972-இல் அவள் கையில் இருந்த சரக்கு ஒரு சினிமா. தயாரிப்பும் அவள், படத்தொகுப்பும் அவள். இயக்கம் மட்டும் புருஷன் க்ளைவ். தெருவில் சும்மா கேட்கிற ஆஸ்திரேலியப் பேச்சை ஆஸ்திரேலியாக்காரன் டிக்கெட் வாங்கிக் கேட்பானா என்று சிட்னி விநியோகஸ்தர்கள் கைவிரித்துவிட்டார்கள். படப்பெட்டிகளையும் புருஷனையும் ஹோல்டன் காரில் ஏற்றிக்கொண்டு, கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த குர்ராபின் என்ற சிற்றூருக்குக் கிளம்பினாள்.

அங்கே காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்று இருந்தது. முதலாளி மனோலிஸ், கிரேக்கர். வெள்ளிக்கிழமை ஒரு காட்சி ஓட்டிப் பார்க்கலாம், எனக்கு ஒத்துவந்தால் மேலும் ஒரு வாரம் என்றார். அந்த ஒரு வாரம் ஓடிவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் தாமாகவே படத்தைக் கேட்பார்கள். இல்லையென்றால் காரின் டிக்கியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஒரு கார்கூட நடுவில் கிளம்பவில்லை. படம் முடிந்ததும் எல்லாக் கார்களும் ஹாரன் அடித்ததில் ஊர் நாய்கள் அத்தனையும் குரைத்தன. க்ளைவ் மாப்பிள்ளை மாதிரி நடந்தான்.

மறுநாள் காலை மனோலிஸ், அரங்குக்குள்ளேயே இருந்த தன் சிப்ஸ் கடையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, அடுத்த வாரம் அமெரிக்கக் கௌபாய் படம் என்றார்.

"ஹாரன் சத்தம் உங்க காதுல விழலையா?" என்றாள் ரோண்டா.

"ஹாரனையா எண்ணெயில போட்டுப் பொரிப்பேன்? டிக்கெட் காசு கரண்டுக்கும் வாடகைக்கும் சரியாப் போகுது. என் பொழைப்பு சிப்ஸுலதான் ஓடுது. இடைவேளையில வந்தாங்க, சரி. படம் ஓடுறப்போ ஒருத்தன் எழுந்து வந்தானா? அவ்வளவு நல்ல படம் எனக்குக் கட்டாது, ரோண்டாம்மா."

க்ளைவ் வாயைத் திறந்தான். ரோண்டா அவன் காலை மிதித்தாள். குறை இன்னதென்று சொல்லிவிட்டவர் பாதி வாங்கியவர் என்பது அவள் கணக்கு.

"இன்னைக்கு ஒரு காட்சி மட்டும் குடுங்க," என்றாள். "கூட ரெண்டு மூட்டை கிழங்கு சீவி வைங்க."

டிக்கியின் அடியில் தனிப் படச்சுருள் டப்பா ஒன்று கிடந்தது. கோதுமை வயலில் பொழுது சாயும் காட்சி. ஆறு நிமிடம், வசனமே கிடையாது. க்ளைவ் உயிராக எடுத்தது. ரோண்டா அதைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தபோது ஒரு வாரம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். இப்போது அதைப் படத்தின் நடுவே அவள் ஒட்டக் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கியது. "கடைசியில உனக்கும் புரிஞ்சிடுச்சில்ல?" என்றான்.

"நல்லாப் புரிஞ்சிடுச்சு," என்றாள் ரோண்டா.

அன்று இரவு திரையில் சூரியன் சாயத் தொடங்கியது. கோதுமை அசைந்தது. குர்ராபின்காரர்கள் பகலெல்லாம் பார்த்துச் சலித்த கோதுமை. ஒரு கார்க்கதவு திறந்தது. பிறகு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. கடை வாசலில் வரிசை வேலிவரை நீண்டது. சூரியன் முழுக்க இறங்குவதற்குள் எல்லோரும் சூடான பொட்டலத்தோடு காருக்குத் திரும்பிவிட்டார்கள். கதையில் ஒரு வரிகூட யாருக்கும் தப்பவில்லை.

படம் முடிந்த பிறகும், தன் கோதுமையின்போது காலியான கார்களையே வெறித்துக்கொண்டிருந்த க்ளைவிடம் மனோலிஸ் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்தார். வாரம் முழுக்கப் படம் உங்களுடையதுதான் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு, தம்பி. அந்தக் கோதுமையை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா?"

க்ளைவின் முகம் மலர்ந்தது. அவன் படத்தை நீட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. ரோண்டா பக்கம் திரும்பினான்.

"கேட்டியா?"